மடங்காத விரல்

இழவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் ஒரு கைதான் காலியாக இருக்கிறது. இன்னொரு கையில் செல்போன். கும்பிடுவதும் ஒற்றைக் கை, துக்கம் கேட்பதும் ஒற்றைக் கை. கோடிச் சேலைப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு விஸ்வநத்தத்துத் தெருவுக்குள் நுழைந்த சங்கிலிமுத்துவுக்கு, தங்கச்சி செத்த அழுகை வர வேண்டிய இடத்தில் எரிச்சல்தான் வந்தது. பந்தலுக்குக் கீழே முப்பது நாற்காலி. முப்பது தலையும் குனிந்திருந்தன. தூரத்தில் வருகிறவன் ஆகா, என்ன துக்கம் என்று நினைத்துக்கொள்வான். கிட்டே வந்தால்தான் தெரியும், குனிந்த தலைக்குக் கீழே என்ன மினுங்குகிறது என்று.

“ஏலே, எந்திரிங்கலே. பொறந்த வீட்டுக் கோடி வந்திருக்கு. எந்திரிச்சு நிக்கக்கூட வலிக்குதாக்கும்?”

நாலு பேர் எழுந்தார்கள். ஒருவன் எழுந்த வாக்கிலேயே அவரைப் படம் பிடித்தான்.

சண்முகவேல் ஓடி வந்து பையை வாங்கினான். பொன்மணியின் ஒரே மகன். பட்டாசு ஆபீசில் போர்மேன்; அந்தப் பக்கத்தில் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பேர். நாற்பது வயது ஆள், அழுது அழுது சின்னப் பிள்ளை மாதிரி முகம் வீங்கியிருந்தது.

“வாங்க மாமா. வேன் அனுப்புறேன்னு சொன்னேன்ல. காரியாபட்டியில இருந்து இந்த வெயில்ல மூணு பஸ்சு மாறி வந்திருக்கீகளே.”

“எனக்கு வேனு ஆகாது. எத்தன தரம் சொல்றது.”

“எறநூறு போன் போட்டேன் மாமா. காலம்பற அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரியில…”

“சரி, சரி. அளாத. ஆக வேண்டியதப் பாப்போம்.”

பொன்மணியைக் குளிப்பாட்டி பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். அறுபத்தோரு வயது. நெற்றி நிறைய திருநீறு. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியாயிற்று. கைப் பெருவிரல்களும் நெஞ்சின் மேல் கட்டுப்பட்டுக் கிடந்தன. மற்ற விரல்கள் எல்லாம் ஒழுங்காக மடங்கியிருக்க, இடது கைச் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல், வெளியே கோணிக்கொண்டு, யாரையோ சுட்டிக் காட்டுவது போல நீட்டிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். காப்பித் தம்ளரைப் பிடித்தாலும் சாமியைக் கும்பிட்டாலும் அந்த விரல் தனியாக நிற்கும்.

சங்கிலிமுத்து கோடியை உதறினார். அரக்கு நிறச் சேலை. கூடப்பிறந்தவன் போடும் கோடி விழாமல் பிணத்தைத் தூக்க முடியாது, அது முறை. இடுப்போடு போர்த்தினால் போதும். அவர் கழுத்து வரைக்கும் இழுத்து, கைகள் மறையும்படி ஓரங்களைச் செருகினார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மூக்கம்மாள் அதைப் பார்த்தாள். பொன்மணியோடு ஏழு வயதிலிருந்து ஒரே வண்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். பார்த்துவிட்டு, மாரில் ஒரு அடி அடித்துக்கொண்டு குரலை எடுத்தாள்.

“கரிசக் காட்டுல பூத்த பூவே - என் பொன்மணியே
கட்டக் குச்சி அடுக்கித் தேஞ்ச கையே - என் பொன்மணியே
படத்துல கை வந்த பவுசுக்காரி
பொய்க்காரின்னு பேரோட போறியே
கூடப் பொறந்த வாயி வச்ச பேரு
காட்டு வரைக்கும் கூட வருதே…”

சுற்றி இருந்த பெண்கள் ஒப்பாரிக்குச் சேர்ந்து மாரடிக்க மறந்து சங்கிலிமுத்துவைப் பார்த்தார்கள்.

“ஏ மூக்கம்மா, அளுகுறதுன்னா அளு. என்னய வச்சு அளாத.”

“ஒங்கள வச்சு யாருண்ணே அளுதா? எங் கூட்டாளிக்கு நான் அளுகுறேன். குத்துதுன்னா முள்ளு எங்க இருக்குன்னு நீங்கதான் பாத்துக்கிடணும்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தார். முள் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

ஐம்பத்து மூன்று வருடத்துக் கதை அது. மதராசிலிருந்து ஒரு கூட்டம் ஜீப்பில் வந்து இறங்கியது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறோம் என்றார்கள். விளையாடுகிற வயசைத் தொலைத்த ஒரு சிறுமியின் கதை. சிறுமியாக நடிப்பதற்கு அவர்களே வெள்ளை வெளேரென்று ஒரு பிள்ளையைக் கூட்டி வந்து, முகத்தில் கரியைப் பூசி உட்கார வைத்தார்கள். அதற்கு அழத் தெரிந்தது, சிரிக்கத் தெரிந்தது. கட்டை அடுக்கத்தான் தெரியவில்லை. மரச் சட்டத்தில் இருக்கும் வரிக்கோட்டில் ஐம்பது தீக்குச்சியை ஒரே இழுப்பில் பரப்புவது மதராசில் சொல்லிக் கொடுக்கிற பாடமா? கடைசியில், கையை மட்டும் தனியாக எடுத்துக்கொள்வோம் என்று எட்டு வயசுப் பொன்மணியை அழைத்துப் போய் அரை நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். போட்டோ அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை.

படம் வந்தது. பெரிய பெரிய ஊரில் எல்லாம் பரிசு வாங்கியது என்றார்கள். திருத்தங்கல் கொட்டகையில் மூன்று நாள் ஓடியது. அம்மா பொன்மணியை அனுப்பவில்லை. மூன்று நாளும் வேலை. பதினான்கு வயசுச் சங்கிலிமுத்து போனான். திரும்பி வந்து வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி சொன்னான்: “நாம் பாத்துட்டேன். அது இவ கை இல்ல. வேற யாரோ கை. இவ சும்மா அளக்கா.”

அதோடு முடிந்தது. அண்ணனே பார்த்துவிட்டுச் சொல்கிறான் என்றால் அப்புறம் என்ன? ‘சினிமாக் கை’ என்று தெருப் பிள்ளைகள் பட்டம் வைத்தார்கள். பட்டம் அவளுக்கு முன்னாலேயே புகுந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சட்டி உடைந்தால் சினிமாக் கை உடைச்சிருச்சு. சோறு குழைந்தால் சினிமாக் கை வடிச்சது. பொன்மணி ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். “அது என் கைதான். நம்புறவுக நம்புங்க.” அழவும் மாட்டாள், சண்டைக்கும் வர மாட்டாள். ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அதுதான் சங்கிலிமுத்துவுக்குப் பொறுக்காது.

“அண்ணாச்சி.”

நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டு உதுமான். திருத்தங்கலில் பிரஸ் வைத்திருக்கிற ஆள். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாம் அடிப்பார். ஊரில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அவர் மிஷினில்தான். பக்கத்தில் சண்முகவேலின் மகள் ஹர்ஷினி நின்றாள், பிளஸ் டூ படிக்கிறவள். அவள் கையிலும் செல்போன்.

“போஸ்டர் ரெடி பண்ணியிருக்கு அண்ணாச்சி. நீங்க ஒரு பார்வை பாத்து சரின்னு சொன்னீகன்னா ஒரு மணி நேரத்துல அடிச்சு ஒட்டிருவோம். மிஷின நிறுத்தி வச்சிருக்கேன்.”

“எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒனக்குத் தெரியாததா பாய்.”

“வாசிக்க வேணாம். படத்தப் பாருங்க போதும்.”

உதுமான் நீட்டிய தாளில் பொன்மணியின் முகம் ஒரு ஓரத்தில் வட்டத்துக்குள் இருந்தது. நடுவில், தாளை அடைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் இரண்டு சின்னக் கைகள்.

சங்கிலிமுத்து தாளைத் திருப்பிக் கொடுத்தார். “இது யாரு கை?”

“அப்பத்தா கை,” என்றாள் ஹர்ஷினி.

“யாரு சொன்னா?”

“அப்பத்தா சொல்லுச்சு. அந்தப் படத்தப் புதுசா சுத்தம் பண்ணி நெட்ல போட்டுருக்காங்க தாத்தா. நேத்து ஆஸ்பத்திரியில வச்சு நான் காமிச்சேன். இந்தக் கை வந்ததும் அப்பத்தா சிரிச்சுச்சு. மறுபடி போடு, மறுபடி போடுன்னு ஆறு தடவ பாத்துச்சு. நர்சக் கூப்பிட்டுக் காமிச்சுச்சு. தன் கைய போன் பக்கத்துல வச்சு வச்சுப் பாத்துச்சு.”

“சாகப் போறவ ஆயிரம் சொல்லுவா. அதப் போஸ்டர் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டுறதா? பொய்யச் செவத்துல ஒட்டுனா உண்மையாயிருமா?”

“மாமா,” என்றான் சண்முகவேல். “எங்கம்மா சாகுற அன்னிக்காவது அந்தப் பேச்ச விடுங்க மாமா.”

“நான் விடுறது இருக்கட்டும். சாட்சி இருக்கா? மூக்கம்மா, நீ இருந்தியா அன்னிக்கு?”

வீட்டுக்குள்ளிருந்து மூக்கம்மாள் எழுந்து நிலைப்படிக்கு வந்தாள். “எனக்கு அன்னிக்குக் காச்சல். வண்டிக்கு வரல. அது ஒங்களுக்கே தெரியும். நீங்கதான வண்டியில ஆள் ஏத்துற கிளீனரு. காச்சல்னு சொன்னதுக்கு என் காலப் பிடிச்சு இளுத்துப் பாத்துட்டுத்தான விட்டீக.”

யாரோ சிரித்து, சிரிப்பை விழுங்கினார்கள்.

“விரல் இருக்கு தாத்தா,” என்றாள் ஹர்ஷினி. “அதப் பாருங்க. படத்துல இடது கைச் சுண்டுவிரல் வெளிய கோணிக்கிட்டு நிக்குது. அப்பத்தாவுக்கு மாதிரியே.”

“அதுலதான் அண்ணாச்சி ஒரு சிக்கல்,” என்றார் உதுமான். தப்பாக ஒரு எழுத்து அடித்துவிட்டால்கூட இரண்டு நாள் தூங்காத மனிதர். “அந்த வெரலு எப்ப ஒடிஞ்சதுன்னு யாருக்கும் தெரியல. கல்லு விழுந்துச்சுன்னு பொன்மணியக்கா எல்லார்ட்டயும் சொல்லியிருக்கு. ஆட்டுக்கல்லுன்னு நெனச்சுக்கிட்டு, கல்யாணத்துக்கப்புறம்னு ஒருத்தர் சொல்றாக. சின்னப் பிள்ளையிலயேன்னு மூக்கம்மாக்கா சொல்லுது, படத்துக்கு முன்னயா பின்னயான்னு அதுக்கு நெனப்பில்ல. படத்துக்கப்புறம்னா அதுல இருக்கது அக்கா கையில்ல. முன்னன்னா, அக்கா கைதான். அதச் சொல்ல உசிரோட இருக்கது இப்ப நீங்க ஒருத்தர்தான். நீங்க இல்லன்னு சொன்னா வெறும் மொகத்த மட்டும் போட்டு அடிச்சிருதேன். எனக்கும் ஒண்ணும் இல்ல.”

பந்தல் முழுக்கச் செல்போனைக் கீழே வைத்துவிட்டது. முப்பது முகமும் முதல் தடவையாக நிமிர்ந்திருந்தன.

இல்லை, படத்துக்கு அப்புறம்தான் என்று சங்கிலிமுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐம்பத்து மூன்று வருடம் சொன்ன பொய்யோடு இன்னொரு வார்த்தை. பொன்மணி காட்டுக்குப் போய்விடுவாள். பேச்சும் கூடவே போய்விடும்.

“எங்க காமி,” என்றார்.

ஹர்ஷினி அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனைப் பிடித்தாள்.

கொட்டகையில் அவர் பார்த்தது படத்தின் முதல் ஐந்து நிமிடம்தான். அது யாருக்கும் தெரியாது. விளக்கு அணைந்ததும் திரையில் ஒரு வண்டி வந்தது. இருட்டு விலகாத நேரம், வண்டி ஒவ்வொரு வாசலாக நிற்க, கிளீனர் பையன் ஒருவன் தூங்குகிற பிள்ளைகளை அள்ளி உள்ளே போட்டான். அவ்வளவுதான். சங்கிலிமுத்து எழுந்து, மணல் மேட்டில் உட்கார்ந்திருந்தவர்களை மிதித்துக்கொண்டு வெளியே போய், வேலியோரம் வாந்தி எடுத்தான். படம் முடிகிறவரைக்கும் வெளியே நின்றிருந்து, கூட்டத்தோடு கூட்டமாக வீட்டுக்குப் போனான். போய்ப் பார்த்ததாகச் சொன்னான்.

இப்போது போனுக்குள் சத்தம் இல்லை. ஒரு சட்டம். அதன் மேல் இரண்டு கைகள். முகம் கிடையாது. கைகள் குச்சியை அள்ளின, பரப்பின, ஒரு தட்டுத் தட்டின. ஐம்பது குச்சியும் கோட்டுக்குள் போய் உட்கார்ந்தன. அடுத்த சட்டம். அடுத்தது. மடங்காத அந்தச் சுண்டுவிரல் ஒவ்வொரு தட்டுக்கும் வெளியே நின்று ஆடியது. முனை லேசாக வீங்கியிருந்தது. அவருக்கு வீக்கம் வடியாத அந்த நாள்கள் நினைவில் இருந்தன.

பிறகு கைகள் நின்றன. யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். விளையாடு என்று சொல்லியிருப்பார்கள். கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தன. அப்புறம் வலது கை ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்தது. உடைந்த குச்சிகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக அதற்குள் வைத்தது. எட்டுக் குச்சி. நெருக்கி, படுக்க வைத்து, பெட்டியைத் தள்ளி மூடியது. மூடும்போது மட்டும் மெதுவாக, ரொம்ப மெதுவாக, விரலை விலக்கி விலக்கி மூடியது. பெட்டியைச் சட்டத்தின் மேல் ஓட்டிக்கொண்டு போனது. அது வண்டி.

தெருவில் யாரோ இருமினார்கள்.

வண்டி நின்றது. கை பெட்டியைத் திறந்தது. குச்சிகளை ஒன்று ஒன்றாக இறக்கி, தூரத்தில், வெட்டவெளியில் வைத்தது. எட்டும் இறங்கிவிட்டன. அப்புறம் கை திரும்பி வந்து, வண்டிக்கு வெளியே இவ்வளவு நேரம் தனியாகக் கிடந்த ஒரு குச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல் நின்றது. கொஞ்சம் நீளமான குச்சி. கிளீனர் நிற்கிற இடத்தில் கிடந்த குச்சி. அதையும் எடுத்தது. கொண்டுபோய் மற்ற எட்டோடும் சேர்த்து வைத்தது.

திரையில் ஒரு ஆள் நிழல் விழுந்தது. கைகள் குச்சியை எல்லாம் வழித்துச் சட்டத்தில் போட்டன. அவ்வளவுதான் காட்சி.

“மறுபடி போடவா தாத்தா?”

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். முகத்தைத் துண்டால் துடைத்தார். வெயில், எல்லோருக்குமே வேர்த்திருந்தது.

அன்றைக்கு அவள் வர மாட்டேன் என்று வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு வயசு. தூக்கம் கலையாத பிள்ளை. டிரைவர் ஆரனை அடித்தான். இன்னும் நாலு ஊர் போக வேண்டும், ஆள் குறைந்தால் கிளீனர் வேலை போய்விடும். கிளீனருக்குப் பதினான்கு வயசு. அவன் அவளைத் தூக்கி உள்ளே போட்டான், அவள் கையை நீட்டினாள், அவன் தகரக் கதவை ஓங்கிச் சாத்தினான். இருட்டில் மற்ற பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அன்று சாயந்திரம் அம்மா கேட்டபோது பொன்மணி அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். கல்லு விழுந்துருச்சும்மா என்றாள். வாழ்நாளில் அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதை மட்டும் எல்லோரும் நம்பினார்கள். அதற்கு இருபது நாள் கழித்துத்தான் மதராசு ஜீப் வந்தது. படத்தில் இருப்பது அவள் கை என்றால் விரல் ஒடிந்த கதையும் வெளியே வரும் என்ற பயத்தில்தான் அவன் வாசலில் நின்று அப்படிச் சொன்னான்.

சங்கிலிமுத்து எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பெஞ்சின் அருகில் நின்று, தான் செருகிவைத்த கோடியின் ஓரத்தை உருவி, இடுப்பு வரைக்கும் இறக்கிவிட்டார். சுண்டுவிரல் வெளியே வந்தது.

“முன்னத்தான்,” என்றார்.

“என்னண்ணே?” என்றாள் மூக்கம்மாள்.

“காதுல விளலையா? படம் எடுக்க முன்னயே ஒடிஞ்சது. இருவது நாளைக்கு முன்ன. கல்லு கில்லு ஒண்ணும் விளல. ஆபீஸ் வண்டிக் கதவுல மாட்டுனது.”

“வண்டிக் கதவுலயா? யாரு…”

மூக்கம்மாள் கேள்வியை முடிக்கவில்லை. அந்த வண்டியில் கதவு சாத்துகிறவன் ஒருவன்தான் என்பது அவளுக்குத் தெரியும். கோடியின் ஓரத்தை அவர் கையிலிருந்து வாங்கி, கைகள் தெரியும்படி மடித்து, நீவிவிட்டாள். அப்புறம் திரும்பி நின்று, இழவு வீடென்றும் பாராமல் நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். ஓடு அதிர்ந்தது.

“கேட்டீகளாடி? எங் கூட்டாளி பொய் சொல்லல! அம்பத்து மூணு வருசமா ஒரே வாயி, ஒரே சொல்லு! அது அவ கைதான்!”

வாசலில் யாரோ கை தட்டினார்கள். பிறகு பந்தலே தட்டியது. தட்டுவதற்கு இரண்டு கை வேண்டும், எல்லோரிடமும் இருந்தது. சண்முகவேல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான், சிரித்தான், மூக்கைச் சிந்தினான், பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாகப் போனை எடுத்துப் பேசினான்: “ஏலே, குடோன்ல இருக்க பத்தாயிரம் வாலா அம்புட்டையும் ஏத்திட்டு வாங்கலே. ஆமா, அம்புட்டும்.” உதுமான் ஏற்கெனவே பைக்கில் ஏறிவிட்டார்.

“செத்த வீட்ல கை தட்டுதுக,” என்றார் சங்கிலிமுத்து. யாருக்கும் கேட்கவில்லை.

நான்கு மணிக்குத் தூக்கினார்கள். அதற்குள் தெரு முனையிலிருந்து சிவகாசி ரோடு வரைக்கும், பால் பூத்து, டீக்கடை, ரேசன் கடை, பள்ளிக்கூடச் சுவர், ஒன்று விடாமல் இரண்டு சின்னக் கைகள் ஒட்டியிருந்தன. பசை காயாமல் வழிந்தது.

“கீள என்ன எளுதியிருக்கு? வாசி,” என்றார் பேத்தியிடம்.

“‘ஐம்பத்து மூன்று ஆண்டுகள் பெயர் இல்லாமல் ஓடிய கைகள். இவை எங்கள் பொன்மணியின் கைகள்.’ நான் எழுதினது தாத்தா.”

“ஓடுறது காலு. கையா ஓடும்?”

ஹர்ஷினி கண்ணீரோடு சிரித்துவிட்டாள்.

சரவெடி வீட்டு வாசலில் பற்றி, பாடைக்கு முன்னால் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடியது. கொட்டு முழங்கியது. தீபாவளிக்கு லோடு லோடாக ஊருக்கெல்லாம் வெடி அனுப்புகிற ஊர், தனக்காக வெடித்துக்கொள்வது இந்த மாதிரி நாளில்தான். ரோட்டில் திரும்பும்போது பட்டாசு ஆபீஸ் வேன் ஒன்று வேலை விட்டு வந்து நின்றது. உள்ளே இருந்து பெண்கள் இறங்கினார்கள், இருபது பேர். முழங்கை வரைக்கும் வெள்ளிப்பொடி அப்பிய கைகள். அவர்களுக்கு முன்னால், சுவரில் போஸ்டர். மூக்கம்மாள் பெண்கள் நிற்க வேண்டிய எல்லையில் நின்றுகொண்டு கத்திச் சொன்னாள், யார் கை என்று, என்ன சங்கதி என்று.

ஒருத்தி கையைத் தூக்கினாள். பிறகு எல்லோரும் தூக்கினார்கள். சாயந்திர வெயிலில் நாற்பது கைகள் பளபளவென்று மின்னின. பாடை கடந்து போகிற வரைக்கும் ஒருத்தியும் இறக்கவில்லை. குலவைச் சத்தத்தில் வெடிச்சத்தம் அடங்கிப்போயிற்று. பொன்மணி ராணி மாதிரி, சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு, எல்லோருக்கும் மேலே போனாள்.

சங்கிலிமுத்து பாடைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். தூரத்தில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

கொள்ளி வைத்து, பம்புசெட்டுத் தொட்டியில் குளித்துவிட்டு வந்தபோது ஆட்களை ஏற்றிப் போக வேன் நின்றது. உதுமான் அவர் பக்கத்தில் வந்தார்.

“அக்காவ நல்லபடியா அனுப்பிட்டோம் அண்ணாச்சி. இப்பவாவது அந்தப் படத்த நம்புறீகளா?”

“கை எங்க பிள்ள கைதான். அதுக்காகப் படக்காரன நம்பச் சொல்லுதியா?” என்றார். “கைய எடுத்துக்கிட்டு ஆள விட்டுட்டுப் போனவன். பேரு போட்டானா? இப்பக் கை தட்டுனீகளே, நாளைக்கே இன்னொன்னு வந்தா அதுக்கும் தட்டுவீக. நான் ஒண்ணையும் நம்பல.”

“ஏறுங்க மாமா,” என்றான் சண்முகவேல். மொட்டைத் தலையில் ஈரம் வடிந்துகொண்டிருந்தது. வேனுக்குள் கடைசி ஆளாக உட்கார்ந்து, கதவு நிலையைப் பிடித்திருந்தான். “பஸ் ஸ்டாண்டுலயாவது எறக்கி விடுறேன்.”

“எனக்கு வேனு ஆகாது.”

அவர் கதவருகில் வந்தார். உள்ளே ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“கைய உள்ள இளுலே,” என்றார்.

சண்முகவேல் கையை எடுத்துக்கொண்டான். அவர் கதவின் விளிம்பில் மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக, தள்ளிச் சாத்தினார். பூட்டு விழுந்த சத்தம்கூட வரவில்லை.

வேன் புறப்பட்டுப் போயிற்று. சங்கிலிமுத்து துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, போஸ்டர் ஒட்டிய சுவர்களின் ஓரமாகவே நடந்தார்.

“போட்டோ அனுப்புறேன்னானுக,” என்றார் யாரிடமோ. “இன்னும் வரல.”